போர்டுல எழுதாம நடத்துற பாடம்: உங்க கிளாஸ்ல அது என்னன்னு கண்டுபிடிக்கிறதும் மாத்துறதும்

புதுசா வேலைக்குச் சேர்ந்த டீச்சர்களை மனசுல வச்சு எழுதுறேன், சீனியர்கள் படிச்சாலும் தப்பில்ல, பெத்தவங்களுக்கு கடைசில கொஞ்சம் இருக்கு. பி.எட்ல நாம எல்லாரும் இதை ஒரு யூனிட்டா படிச்சிருப்போம், மறைமுகப் பாடத்திட்டம் (யாரும் வாயால சொல்லிக்குடுக்காமலே பிள்ளைங்க ஸ்கூல் பழக்கத்துல இருந்து கத்துக்கறது), பிலிப் ஜாக்சன், 1968, எழுதுனோம் மார்க் வாங்குனோம் மறந்தாச்சு. அந்த ஜாக்சன் சிகாகோ யூனிவர்சிட்டி ஆளு, எலிமென்டரி ஸ்கூல் கிளாஸ்ல போய் மாசக்கணக்குல சும்மா உட்கார்ந்து பார்த்தவரு. அவர் சொன்னது ஒண்ணும் பெரிய தத்துவம் இல்ல. ஒரு பிள்ளை கணக்கு, சயின்ஸ் எல்லாம் கத்துக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயத்துக்குப் பழகியே ஆகணும்: கூட்டத்துல தன் முறை வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கறது, நாள் முழுக்க யாராவது தன்னை நல்லவன் கெட்டவன்னு எடை போட்டுக்கிட்டே இருக்கறது, யார் கையில பவர் இருக்குன்னு தெரிஞ்சு நடந்துக்கறது. அவ்ளோதான்.

நம்ம ஊர்ல அது எப்பிடி இருக்கும்னு தனியா சொல்லணுமா என்ன. டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குப் போன உடனே லீடர் போர்டுல "பேசியவர்கள்"னு தலைப்பு போட்டு பேரு எழுதுறான்ல, அதுவே ஒரு முழு பாடம். பேசறது குத்தம், மாட்டிவிடறது நல்ல பையன் வேலை, லீடருக்கு ஒரு பென்சில் குடுத்தா பேரு அழிஞ்சிடும். இந்த மூணையும் எந்த டீச்சரும் வாயால சொல்லிக்குடுக்கல, ஆனா 40 பிள்ளைங்களும் நூத்துக்கு நூறு எடுத்துடுவாங்க.

இதை மாத்தணும்னா "நன்னெறி" வகுப்பு எடுக்கறதுல பிரயோஜனமே இல்லைங்கறது என்னோட கருத்து. கிளாஸ் ஓடுற விதத்துல ஒரு பழக்கத்தை மாத்துனா பிள்ளை தானா வேற ஒண்ணைக் கத்துக்கும். அதனால கீழ சொல்றது எல்லாமே பழக்கத்தைப் பத்தித்தான், அறிவுரையைப் பத்தி இல்ல.

முதல்ல என்ன நடக்குதுன்னு பாருங்க, எதையும் மாத்தாதீங்க

ஒரு வாரம் சும்மா கவனிங்க. ஒரு பேப்பர்ல பெஞ்ச் வரிசையைக் கட்டம் கட்டமா வரைஞ்சு மேஜை மேல வச்சுக்கங்க, நீங்க ஒரு பிள்ளைகிட்ட கேள்வி கேட்டா அந்தக் கட்டத்துல ஒரு புள்ளி, பாராட்டுனா ஒரு டிக், திட்டுனா ஒரு பெருக்கல் குறி. நடத்திக்கிட்டே குறிக்க முடியலன்னா பக்கத்து கிளாஸ் டீச்சரை ஃப்ரீ பீரியட்ல வந்து பின்னாடி உட்காரச் சொல்லுங்க, பதிலுக்கு நீங்க அவங்க கிளாஸுக்குப் போங்க. பெரும்பாலும் என்ன வரும்னா முன் வரிசையும் நடு வரிசையும் புள்ளியா நிறைஞ்சிருக்கும், மாப்பிள்ளை பெஞ்ச்ல பெருக்கல் குறி மட்டும் இருக்கும், ஓரத்துல ஜன்னல் பக்கம் ஒரு நாலஞ்சு பிள்ளை, பெரும்பாலும் சத்தம் போடாத பொண்ணுங்க, அவங்க கட்டம் சுத்தமா காலியா இருக்கும். திட்டு வாங்கறவனையாவது நமக்குத் தெரியும், இந்தக் காலி கட்டத்துப் பிள்ளைங்கதான் வருஷம் முடியும்போது பேரு கூட ஞாபகம் வராத பிள்ளைங்க.

அடுத்தது பிள்ளைங்ககிட்டயே கேளுங்க, ஆனா "நம்ம கிளாஸ் எப்பிடி இருக்கு"ன்னு கேட்டீங்கன்னா "சூப்பர் மிஸ்"னு கோரஸா வரும், அதுவும் அவங்க கத்துக்கிட்ட பாடம்தான். துண்டு பேப்பர் குடுத்து, பேரு எழுத வேணாம்னு சொல்லி, இப்பிடிக் கேளுங்க: "நாளைக்கு இந்த கிளாஸ்ல புதுசா ஒரு பையன் சேர்றான், அவன் திட்டு வாங்காம தப்பிக்கணும்னா நீ அவனுக்கு என்னென்ன சொல்லிக்குடுப்ப?" வர்ற பதில்ல பாதி உங்களை சிரிக்க வைக்கும், பாதி தூங்க விடாது. பதில் தெரியலன்னா நோட்ல எழுதற மாதிரி தலையைக் குனிஞ்சுக்க, டவுட் கேக்காத அடுத்து உன்னையத்தான் கேப்பாங்க, வியாழக்கிழமை சாருக்கு கோவம் ஜாஸ்தி, இந்த மாதிரித்தான் வரும். அதுதான் உங்க ஸ்கூலோட நிஜ சிலபஸ். பேப்பரை யார் கையெழுத்துன்னு கண்டுபிடிக்க மட்டும் முயற்சி பண்ணாதீங்க, ஒரு தடவை பண்ணிட்டீங்கன்னா அப்புறம் வருஷம் பூரா உண்மை வராது.

உட்கார வைக்கிற முறை

இதுலதான் நான் கொஞ்சம் அதிகமா பேசுவேன், ஏன்னா மாத்தறதுக்கு ஈஸியானதும் இதுதான், எல்லாரும் தள்ளிப்போடறதும் இதுதான். மார்க் படி உட்கார வைக்கிறது, உயரப்படி உட்கார வைக்கிறது, "உங்க இஷ்டம் உட்காருங்க"ன்னு விடறது, மூணுக்கும் மூணு அர்த்தம். மார்க் படி வச்சா ரேங்க்கை நாற்காலியா மாத்திக் குடுத்த மாதிரி, டெய்லி அதுல உட்கார்ந்து எந்திரிக்கணும். இஷ்டத்துக்கு விட்டா அது சுதந்திரம் மாதிரி தெரியும் ஆனா நம்ம ஊர்ல தெருவோட அமைப்பு அப்பிடியே கிளாஸுக்குள்ள வந்து உட்கார்ந்துக்கும், எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளைகூடன்னு உள்ளூர் ஆளுக்குப் பார்த்தாலே தெரியும்.

2023 ஆகஸ்ட்ல திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரில ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிக்கிற பசங்களே சாதி வெறில வீடு புகுந்து வெட்டுனாங்களே, அதுக்கப்புறம் தமிழ்நாடு அரசு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை வச்சு ஒரு நபர் குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. சாதியைக் காட்டுற கலர் கயிறு, நெத்தில அடையாளம், ஸ்கூல் பேர்ல சாதின்னு பேப்பர்ல வந்ததெல்லாம் பெரிய விஷயங்க, ஆனா அதுக்குள்ள சின்னதா இன்னொண்ணும் இருந்துச்சு, பிள்ளைங்களை அகர வரிசைல உட்கார வைங்கன்னு. எனக்கு அந்த அறிக்கைலயே ரொம்பப் பிடிச்ச வரி அதுதான். செலவு இல்ல, சர்க்குலர் வேணாம், நாளைக்கே பண்ணலாம்.

நான் சொல்ற முறை அதுல இருந்து ஒரு படி கூட: பேரு வரிசைல முதல்ல உட்கார வைங்க, பசங்களையும் பொண்ணுங்களையும் தனித்தனி லிஸ்ட்டா இல்லாம ஒரே லிஸ்ட்டா போடுங்க (அட்டெண்டன்ஸ்ல பசங்க பேரு எல்லாம் முடிஞ்சு அப்புறம் பொண்ணுங்க பேரு வர்றதை யாராவது ஏன்னு கேட்டிருக்கோமா), அப்புறம் திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒரு பெஞ்ச் பின்னாடி நகர்த்துங்க, கடைசி பெஞ்ச் முதல் பெஞ்சுக்கு வரணும். கண்ணு சரியா தெரியாத, காது சரியா கேக்காத பிள்ளைக்கு மட்டும் முன்னாடி நிரந்தர இடம், அதையும் காரணம் சொல்லாம சாதாரணமா குடுங்க. ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கற பிள்ளையோட அப்பா ஒருத்தர் கண்டிப்பா வருவாரு, "என் பையன் பின்னாடி உட்கார்ந்தா கெட்டுப்போயிடுவான் சார்"னு. சண்டை போடாதீங்க, நாலு வாரத்துல முன்னாடி வந்துடுவான் பாருங்கன்னு காலண்டரைக் காட்டுங்க.

2025 ஜூலைல "ப" வடிவத்துல உட்கார வைங்கன்னு தமிழ்நாட்டுல சர்க்குலர் வந்தப்போ பெரிய சண்டை ஆச்சு, கழுத்து வலிக்கும்னு டாக்டர்கள் சொன்னாங்க, 50 பிள்ளை இருக்கற கிளாஸ்ல எப்பிடின்னு டீச்சர்கள் கேட்டாங்க, ரெண்டும் நியாயம்தான். வடிவம் முக்கியம் இல்ல, யார் எப்பவும் எங்கங்கறதுதான் முக்கியம். சென்னை கார்ப்பரேஷன் ஸ்கூல்ல 2003 வாக்குல ஆரம்பிச்சு அப்புறம் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல்ல டீச்சர் பாய்ல பிள்ளைங்களோட தரைல உட்காரணும், சுவத்துல பிள்ளை உயரத்துக்கு கரும்பலகை அடிச்சிருப்பாங்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுல ஒரு கட்டம். அட்டைகளை வச்சு பிள்ளைங்களே படிக்கிற அதோட முறை பல இடத்துல சடங்கா ஆயிடுச்சுங்கறது வேற கதை. ஆனா அந்தத் தாழ்வான போர்டு "இது உனக்கும் எழுதற இடம்"னு சொல்லிச்சுல்ல, அது பல ஸ்கூல்ல இப்பவும் பெயிண்ட் உரிஞ்சு இருக்கு, இருந்தா புதுசா கறுப்பு அடிச்சு பிள்ளைங்க கையில சாக்பீஸ் குடுங்க.

கேள்வி கேட்டுட்டு வாயை மூடுங்க

மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க சயின்ஸ் எஜுகேஷன் அம்மா, கிளாஸ் நடக்கறதை டேப் ரெக்கார்டர்ல பதிவு பண்ணி கேட்டுப் பார்த்தாங்க. டீச்சர் கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு எவ்ளோ நேரம் காத்திருக்காங்கன்னு அளந்தா சராசரியா 1 செகண்ட். அதுலயும் நல்லா படிக்கிற பிள்ளைக்கு டீச்சர்கள் காத்திருந்த நேரம் கிட்டத்தட்ட ரெட்டிப்பு, சுமாரா படிக்கிறதுன்னு நினைச்ச பிள்ளைக்கு அதைவிடக் கம்மி. 3 செகண்ட் காத்திருக்கப் பழகினப்போ பதில் நீளமாச்சு, "தெரியாது" குறைஞ்சது, அதுவரைக்கும் வாயே திறக்காத பிள்ளைங்க பேச ஆரம்பிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, மெதுவா யோசிக்கிற பிள்ளைக்குத்தான் நேரம் ஜாஸ்தி வேணும், அதுக்குத்தான் நாம கம்மியா குடுக்கறோம், குடுத்துட்டு "மெல்லக் கற்போர்" லிஸ்ட்ல பேரு சேர்க்கறோம்.

செய்ய வேண்டியது: கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணுன்னு எண்ணுங்க. முதல்ல ரெண்டு மூணு நாள் அந்த அமைதி உங்களுக்கே சங்கடமா இருக்கும், முன் பெஞ்ச் பிள்ளை "சார் நான் சார் நான் சார்"னு எகிறும், கை தூக்கற முறையையே கொஞ்ச நாளைக்கு நிறுத்திடுங்க, ஐஸ் குச்சில பேரு எழுதி டப்பால போட்டு ஒண்ணு உருவுங்க. பக்கத்துல இருக்கறவன்கிட்ட அரை நிமிஷம் பேசிட்டு அப்புறம் சொல்லலாம்னு சொன்னீங்கன்னா பயந்த பிள்ளைக்கும் சொல்ல ஒரு விஷயம் கையில இருக்கும். தப்பான பதில் வந்தா "உட்காரு, அடுத்து"ங்கறதை விட்டுட்டு "எப்பிடி இந்த முடிவுக்கு வந்த"ன்னு கேளுங்க. சரியான பதிலுக்கும் அதையே கேளுங்க, இல்லன்னா அந்தக் கேள்வி வந்தாலே தப்புன்னு ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுடுவாங்க, அவங்க நம்மளைவிட கெட்டிக்காரங்க.

சொந்தமா எழுதினா மார்க் போகுமா

நம்ம பள்ளிக்கூடங்க கத்துக்குடுக்கற மறைமுகப் பாடத்துலயே ரொம்ப ஆழமா இறங்குனது இதுதான்னு நான் நினைக்கிறேன்: அறிவுங்கறது புக்ல இருக்கு, என் வேலை அதை அப்பிடியே இறக்கி வைக்கறது. புக் பேக் கொஸ்டின், கைடுல அடிக்கோடு, "இந்த வார்த்தை வந்தாத்தான் மார்க்", இப்பிடியே பத்து வருஷம் போனா பிள்ளை தன் வீட்டுக்குப் பின்னாடி இருக்கற கண்மாயைப் பத்தி எழுதச் சொன்னா கூட எந்த புக்ல இருக்குன்னு தேடும்.

பரீட்சையும் அப்பிடித்தான். ரிசல்ட்டுக்குப் பேர் போன நிறைய பிரைவேட் ஸ்கூல்ல பதினொண்ணாவது பாடத்தையே தூக்கிப் போட்டுட்டு ரெண்டு வருஷமும் பன்னெண்டாவதே நடத்துனாங்க, அதைத் தடுக்க 2017ல ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வுன்னு அறிவிச்சாங்க, அதே 2017ல மாநில முதல் மூணு இடம்னு ரேங்க் சொல்றதையும் நிறுத்துனாங்க. அப்புறம் 2025ல மாநிலக் கல்விக் கொள்கை வந்தப்போ ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு போயிடுச்சு. அரசு ரேங்க்கை விட்டாச்சு ஆனா ஸ்கூல் கேட்ல ஃப்ளெக்ஸ் வைக்கறது நிக்கல, நாம கிளாஸ்ல பேப்பர் குடுக்கும்போது மார்க்கை சத்தமா படிக்கறதும் நிக்கல. குறைஞ்சபட்சம் அதை நிறுத்தலாம், பேப்பரை மடிச்சுக் குடுங்க, மார்க் உள்பக்கம் போடுங்க. அப்புறம் மாசத்துக்கு ஒரு கேள்வியாவது புக்ல பதிலே இல்லாத கேள்வியா வைங்க, அதுக்கு சொந்த வாக்கியத்துல எழுதுனாத்தான் மார்க்னு முன்கூட்டியே சொல்லுங்க. முதல் தடவை பாதி பிள்ளை கேள்வியையே திருப்பி எழுதி வைக்கும், பரவாயில்ல. பொதுத்தேர்வு கிளாஸ்ல இதை எல்லாம் முழுசா பண்ண முடியாது, அது எனக்கும் தெரியும், ஆறு ஏழு எட்டுல பண்ணலாம்ல. பி.டி பீரியடை கணக்கு டீச்சர் "ஒரே ஒரு நாள்"னு வாங்கறதை பத்தி நான் எதுவும் சொல்லல, நீங்க கணக்கு டீச்சரா இருந்தா உங்களுக்கே தெரியும்.

யார் கூட்டறாங்க, யார் தூக்கறாங்க

கிளாஸ் வேலையை யார் செய்யறாங்கன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. கூட்டறது, கோலம் போடறது, விருந்தாளி வந்தா ஆரத்தித் தட்டு பொண்ணுங்க, பெஞ்ச் தூக்கறது, புக் கட்டு இறக்கறது, மைக் கட்டறது பசங்க. லீடர் பையன், அசிஸ்டன்ட் லீடர் பொண்ணு, அதுவும் மார்க் வாங்கற ஆளு. இன்னொண்ணு பாருங்க, டீ வாங்க, ஜெராக்ஸ் எடுக்க, ஹெச்.எம் ரூமுக்கு நோட் குடுக்க, எப்பவும் வெளில போறது சரியா வாசிக்க வராத பையனா இருப்பான். அவனுக்கும் அது சந்தோஷம்தான், வெயில்ல சைக்கிள்ல ஒரு ரவுண்டு, ஆனா மத்த பிள்ளை எல்லாம் வாசிப்பு பழகற நேரத்துல அவன் ஜெராக்ஸ் கடை வாசல்ல நிக்கறான், வருஷக் கடைசில நாமளே "இவனுக்கு வாசிக்க வரல"ன்னு எழுதறோம். வேலைகளை வாரா வாரம் ரோல் நம்பர் படி சுத்த விடுங்க, லீடர் உட்பட. நல்லா படிக்கிற பையன் துடைப்பம் புடிக்கட்டும், அவன் வீட்டுல இருந்து போன் வரும், வரட்டும்.

டாய்லெட் கழுவ பிள்ளைகளை அனுப்பறது, அதுலயும் குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் அனுப்பறது, இதுக்கு டிப்ஸ் எல்லாம் கிடையாது, அது குத்தம். 2022ல ஈரோடு மாவட்டத்துல ஒரு ஹெச்.எம் இதுக்காக கைதாகியிருக்காங்க. ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வாங்கும்போது "எஸ்.சி எல்லாம் எந்திரிங்க, எம்.பி.சி எல்லாம் எந்திரிங்க"ன்னு கிளாஸ் நடுவுல சொல்றது இன்னும் நடக்குது, கெட்ட எண்ணத்துல இல்ல, எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் பதிவேடு) சாயந்தரத்துக்குள்ள ஏத்தணும்ங்கற அவசரத்துல. எல்லாருக்கும் ஒரே மாதிரி கவர் குடுத்து வீட்டுல நிரப்பிட்டு வரச் சொல்லுங்க, தேவைப்படாதவங்க காலியா குடுக்கட்டும், ஒரு நாள் லேட்டாகும் அவ்ளோதான்.

தண்ணி, சாப்பாடு

அம்பேத்கர் சதாராவுல படிச்சப்போ அவர் உட்கார சாக்குத்துணியை வீட்டுல இருந்து கொண்டு வந்து தனியா உட்காரணும், தாகம் எடுத்தா பியூன் வந்து மேல இருந்து ஊத்தணும், பியூன் லீவுன்னா தண்ணி கிடையாதுன்னு அவரே எழுதியிருக்காரு. இன்னைக்கு அப்பிடி இல்லன்னு நினைப்போம். ஆனா 2023ல காலை உணவுத் திட்டத்துல பட்டியல் சாதிப் பெண் சமைச்சாங்கன்னு கரூர், தூத்துக்குடி பக்கம் சில பெத்தவங்க பிள்ளைங்களை சாப்பிட விடாம வச்சது நியூஸ்ல வந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல டீச்சர் பேசறதைவிட தட்டை எடுத்து வரிசைல நின்னு அதே சாப்பாட்டை பிள்ளைங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடறது பலமானது. வாரத்துக்கு ரெண்டு நாள் அப்பிடி சாப்பிடுங்க, பிரச்சினை வந்தாத்தான்னு இல்ல. டிபன் பாக்ஸ் கொண்டு வர்ற பிள்ளையும் சத்துணவு சாப்பிடற பிள்ளையும் தனித்தனி இடத்துல உட்கார்ந்தா ஒரே வட்டமா மாத்துங்க.

பொண்ணுங்க டாய்லெட்டுக்குப் பயந்து தண்ணியே குடிக்காம சாயந்தரம் வரைக்கும் ஓட்டறாங்க. கேரளாவுல 2019ல தண்ணி குடிக்க தனி மணி அடிச்சாங்க, இங்கயும் 2025ல வாட்டர் பெல் வந்துச்சு. மணி அடிச்சா மட்டும் போதாது, டாய்லெட் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கான்னு போய்ப் பாருங்க. "போகணும்னா இன்டர்வெல்ல போக வேண்டியதுதானே"ங்கற வசனத்தையும் விட்டுடலாம், கதவு பக்கத்துல ஒரு அட்டை தொங்க விட்டு அதை எடுத்துட்டு கேக்காமலே போகலாம்னு வைங்க, ஒரு நேரத்துல ஒருத்தர். முதல் வாரம் சுத்தறதுக்குன்னே போவாங்க, அப்புறம் அலுத்துடும்.

நம்ம வாய்ல வர்ற வார்த்தைங்க

1968லயே ரோசன்தால், ஜேக்கப்சன்னு ரெண்டு பேர் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஒரு எலிமென்டரி ஸ்கூல் ஆய்வை வெளியிட்டாங்க. சும்மா குலுக்கிப் போட்டு எடுத்த சில பிள்ளைகளைக் காட்டி இவங்க இந்த வருஷம் நல்லா வருவாங்கன்னு டெஸ்ட்ல தெரியுதுன்னு டீச்சர்கிட்ட சொன்னாங்க, வருஷக் கடைசில ஒண்ணாவது ரெண்டாவது படிச்ச அந்தப் பிள்ளைங்க நிஜமாவே ஸ்கோர் கூடுனதா சொன்னாங்க. இந்த ஆய்வு மேல நிறைய விமர்சனம் உண்டு, பெரிய கிளாஸ்ல அப்பிடி ஒண்ணும் வரல, அதனால இதை மந்திரம் மாதிரி எடுத்துக்காதீங்க. ஆனா "இவன் அண்ணனும் இப்பிடித்தான்", "பி செக்‌ஷன்னாலே", "தமிழ் மீடியம் பசங்களுக்கு இது போதும்", இந்த வார்த்தைங்க பிள்ளை காதுல விழுதுங்கறது நிச்சயம். ஒரே அரசுப் பள்ளில இங்கிலீஷ் மீடியம் ஒரு செக்‌ஷன், தமிழ் மீடியம் ஒரு செக்‌ஷன்னு இருக்கற இடத்துல எந்த செக்‌ஷனுக்கு ஃபேன் ஓடற ரூம், எந்த செக்‌ஷன் வராண்டால உட்காருதுன்னு பாருங்க, வாயே திறக்க வேணாம்.

ஜீன் ஆன்யன்னு ஒருத்தர் 1980ல நியூஜெர்சில அஞ்சு ஸ்கூலோட அஞ்சாங்கிளாஸை ஒப்பிட்டு எழுதுனாங்க. தொழிலாளி வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல சொன்ன ஸ்டெப்பை அப்பிடியே செய், பணக்காரப் பிள்ளைங்க ஸ்கூல்ல நீயே யோசிச்சு முடிவெடு. நம்மகிட்ட சமச்சீர் வந்ததுல இருந்து புக் ஒண்ணாயிடுச்சு, அது சின்ன விஷயம் இல்ல. ஆனா ஒரு இடத்துல "கை கட்டு வாயைப் பொத்து", இன்னொரு இடத்துல மேடை ஏறிப் பேசுன்னா புக் மட்டும் ஒண்ணா இருந்து என்ன செய்யும். அதனால உங்க கிளாஸ்ல முடிவெடுக்கற வேலையைக் கொஞ்சம் பிள்ளைகிட்ட குடுங்க: எந்தப் பாடம் முதல்ல, டெஸ்ட் எந்தக் கிழமை, சுவத்துல எதை ஒட்டறது. பிரேயர்ல குறள் சொல்றது, செய்தி வாசிக்கறது எல்லாம் அதே நாலு பிள்ளைங்க பண்ணாம கிளாஸ் வாரியா எல்லாருக்கும் முறை வைங்க, திக்கித் திக்கி வாசிச்சாலும் யாரும் சிரிக்கக் கூடாதுங்கறதை நீங்க சிரிக்காம இருந்து காட்டுங்க.

ஸ்டாஃப் ரூம்

"புதுசுல எல்லாரும் இப்பிடித்தான் ஆடுவாங்க, போகப்போக சரியாயிடும்"னு ஒரு சீனியர் சொல்லுவாங்க. வாதாடாதீங்க. மீட்டிங்ல எந்திரிச்சு நம்ம ஸ்கூல் கல்ச்சரே சரியில்லன்னு பேசுனா அன்னைக்கோட முடிஞ்சது. உங்க கிளாஸ்ல மட்டும் ஒண்ணு மாத்துங்க, ஒரே நேரத்துல ஒண்ணுதான், முதல்ல சீட், அது பழகின பிறகு வேலை லிஸ்ட், அப்புறம் கேள்வி. சத்தம் கொஞ்சம் ஏறும், அமைதியான கிளாஸ்தான் நல்ல கிளாஸ்னு நினைக்கிற ஹெச்.எம் எட்டிப் பார்ப்பாரு, முன்னாடியே போய் "சார் ஒரு மாசம் இப்பிடிப் பண்ணிப் பாக்கறேன்"னு சொல்லி வச்சுட்டா பாதி பிரச்சினை இல்ல. பிரம்பு வச்சிருக்கற ஸ்டாஃப் இருந்தா ஆர்.டி.ஈ (கல்வி உரிமை) சட்டம் 17வது பிரிவு உடம்புக்கும் மனசுக்கும் குடுக்கற தண்டனை ரெண்டையும் தடை பண்ணுதுங்கறதை நினைவுல வச்சுக்கங்க, முட்டி போட வைக்கறது, வெளில நிக்க வைக்கறது, "மாடு மேய்க்கத்தான் லாயக்கு"ங்கறது எல்லாம் அதுலதான் வரும்.

பெத்தவங்களுக்கு

ஸ்கூல் சேர்க்கப் போகும்போது ரிசல்ட் ஃப்ளெக்ஸையும் ஸ்மார்ட் போர்டையும் பாக்கறதுக்கு முன்னாடி மூணு இடம் பாருங்க. டாய்லெட். இன்டர்வெல் நேரத்துல கிரவுண்ட்ல யார் விளையாடறாங்க, பொண்ணுங்க ஓரமா நின்னு வேடிக்கை பாக்கறாங்களா. லுங்கி கட்டிட்டு வர்ற அப்பாவை வாட்ச்மேனும் ஆபீஸ் ரூமும் எப்பிடிக் கூப்பிடறாங்க, வாங்க போங்கவா வா போவா. தமிழ்ல பேசுனா ஃபைன்னு பெருமையா சொல்ற ஸ்கூல்னா, பிள்ளை தன் வீட்டு மொழி மட்டம்னும் சேர்த்துக் கத்துக்கும், அதுக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் கட்டுறீங்க.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன படிச்ச"ன்னா "ஒண்ணும் இல்ல"தான் வரும். இன்னைக்கு யார் திட்டு வாங்குனா, எதுக்கு, நீ இன்னைக்கு ஏதாவது கேள்வி கேட்டியா, சாப்பிடும்போது யார் பக்கத்துல உட்கார்ந்தன்னு கேளுங்க. ஏதாவது உறுத்துனா நேரா போய் டீச்சர்கிட்ட சத்தம் போட்டா அடுத்த நாள் கிளாஸ்ல பிள்ளைதான் மாட்டும். முதல்ல உங்க பிள்ளை பேரை இழுக்காம பொதுவா கேளுங்க, "லீடரை எப்பிடி மிஸ் தேர்ந்தெடுக்கறீங்க", "சீட் மாத்துவீங்களா"ன்னு. அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்கதான் இருக்கணும்னு சட்டமே சொல்லுது, கையெழுத்து மட்டும் போட்டுட்டு வராம டாய்லெட் தாழ்ப்பாள், சாப்பாட்டு இடம் ரெண்டையும் தீர்மானத்துல எழுத வைங்க. அடி, சாதி சொல்லி திட்டறது, டாய்லெட் கழுவ அனுப்பறது மாதிரி விஷயம்னா பொதுவா பேசிக்கிட்டு இருக்க வேணாம், தேதியோட எழுதி வச்சுக்கிட்டு ஹெச்.எம்கிட்ட எழுத்துல குடுங்க, அங்க அசையலன்னா கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417, சைல்டுலைன் 1098.